நிறம் சமைப்பது ஓரிடம், தெரிவது வேறிடம்

அந்த அம்மாவுக்கு ஆத்தூர் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் வேலை. ஈர ஜவ்வரிசியைக் களத்தில் பரப்புவதும், காயக் காயக் கிளறிவிடுவதும். மேலே வெயில், கீழே வெள்ளைவெளேரென்று ஜவ்வரிசி. இரண்டு பக்கமிருந்தும் வெளிச்சம் முகத்தில் அடிக்கும். இரு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் மங்கு படர்ந்திருந்தது. சேலத்தில் என் கிளினிக்கில் வந்து உட்கார்ந்ததும் மணிபர்ஸிலிருந்து ஒரு க்ரீம் ட்யூபை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைசிச் சொட்டு வரை பிதுக்கியதில் அடிப்பக்கம் பாயைப்போலச் சுருண்டிருந்தது.

"மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டேனுங்க டாக்டரம்மா. ஒரே மாசத்துல பளிச்சுன்னு ஆயிருச்சு. நிறுத்துனா முன்னைக்கு மேல கருக்குது. பீர்க்கங்கா நாரு போட்டுக்கூடத் தேய்ச்சுப் பாத்துட்டேன், போக மாட்டேங்குது."

தேய்த்தால் எப்படிப் போகும்? அழுக்கு மேலே படிவது. நிறம் கீழேயிருந்து வருவது. வாரத்துக்குப் பத்துப் பேரிடமாவது இதைச் சொல்கிறேன், அதனால் ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முகத்தில் தோலின் மேலடுக்கு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன், ஒரு காகிதம் அளவுதான். அந்தக் காகிதத்தின் அடிவரிசையில் ஆங்காங்கே மெலனோசைட் என்ற செல் உட்கார்ந்திருக்கிறது. மெலனின் என்ற நிறமியைச் சமைப்பது அது மட்டும்தான். ஆனால் சமைத்ததைத் தானே வைத்துக்கொள்வதில்லை. நம்மூர் மெஸ்ஸிலிருந்து கேரியர் போவதுபோல, சின்னச் சின்னப் பைகளில் கட்டி அக்கம்பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது. அந்தப் பைக்கு மெலனோசோம் என்று பெயர். ஒரு மெலனோசைட், கிளைபோல நீளும் கைகளை விரித்துச் சுமார் 30, 40 தோல் செல்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்தக் கூட்டத்தை ஓர் அலகாகத்தான் பார்க்க வேண்டும் என்று ஃபிட்ஸ்பாட்ரிக், ப்ரீத்னாக் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1963-லேயே எழுதிவிட்டார்கள்.

பை செல்லின் நடுவில் பிறக்கிறது. உள்ளே தண்டவாளம்போல ஓடும் நுண்குழாய்களில் ஏறிக் கையின் நுனிவரை வருகிறது. நுனியில் மூன்று புரதங்கள் சேர்ந்து அதைப் பிடித்துக் கட்டிவைக்கின்றன. இவற்றில் ஒன்று பழுதானாலும் பை நுனியில் நிற்காமல் நடுவிலேயே குவிந்துவிடும். அப்படிப் பிறக்கும் குழந்தைகள் மிக மிக அரிது. 1978-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் கிரிசெல்லி விவரித்த நோய் அது. அந்தக் குழந்தைகளின் தலைமுடி வெள்ளிக் கம்பிபோல மின்னும். (சேலத்துக்காரர்களுக்கு வெள்ளி என்றால் கொலுசுப் பட்டறைதான் நினைவு வரும். இது வேறு வெள்ளி.) சமையலில் ஒரு குறையும் இல்லை. கேரியர்தான் வாசலைத் தாண்டவில்லை.

நுனிக்கு வந்த பை பக்கத்துச் செல்லுக்குள் எப்படிப் போகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வழக்குத் தீரவில்லை. தோல் செல் அந்த நுனியையே கடித்து விழுங்குகிறது என்கிறது ஒரு கட்சி. மெலனோசைட் வெளியே துப்ப, இது எடுத்துக்கொள்கிறது என்கிறது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே நூல்போன்ற குழாய் உண்டாகிறது என்பார்கள் சிலர். கொத்துக் கொத்தாக உருண்டை உதிர்கிறது என்பார்கள் வேறு சிலர். இடத்துக்கும் நேரத்துக்கும் தக்கபடி எல்லாமே நடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது.

உள்ளே வாங்கிய பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தோல் செல் அந்தப் பைகளைக் கண்ட இடத்தில் போட்டுவைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வரும் பக்கமாகக் குவித்துவைக்கிறது. டிஎன்ஏ இருப்பது அங்கேதானே! களத்தில் இறங்குமுன் அந்த அம்மா தலையில் துண்டைப் போட்டுக்கொள்கிறாரே, அதே வேலை. வெயில் கூடினால் துண்டு போதவில்லை என்று தோல் செல்லே ஆள் அனுப்பும். மெலனோசைட்டும் அதிகமாகச் சமைக்கும், கையை நீட்டும், இன்னும் அனுப்பும். மங்கு வரும் முகத்தில் வெயிலோடு ஹார்மோனும் பரம்பரை வாகும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் கர்ப்பத்தின்போது பலருக்குத் தலைகாட்டுகிறது.

நிறமி வாங்கிய செல் அடியிலிருந்து மெல்ல மேலே ஏறி உதிர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கே கேரியரை நிறுத்தினாலும் ஏற்கனவே போய்ச் சேர்ந்த சாப்பாடு தீர வேண்டாமா? ஒரு வாரத்தில் வெளுக்கும் என்று யாராவது சொன்னால் நான் சந்தேகப்படுவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

மருந்துகளும் இதே பாதையில்தான் குறுக்கே நிற்கின்றன. ஹைட்ரோகுவினோன், கோஜிக் அமிலம், அசெலிக் அமிலம் எல்லாம் சமையலைத் தடுப்பவை. ட்ரெட்டினாயின் உதிர்வதை வேகப்படுத்தும். நியாசினமைடு சமையலில் கைவைப்பதில்லை, கைமாறுவதைத்தான் குறைக்கிறது. கர்ப்பிணிகள் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் போடக்கூடாது, அது தனி எச்சரிக்கை.

சரி, அந்த ட்யூபுக்கு வருவோம். உள்ளே ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஸ்டீராய்டு. மருத்துவர் கண்பார்வையில் சில வாரம் போட வேண்டிய கலவையை அவர் ஒன்றரை வருடம் ஃபேஸ் க்ரீமாகப் பூசியிருக்கிறார். தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நூலாக ரத்தக்குழாய்கள் தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி. அடுப்புப் பக்கம் போனாலே எரிகிறது என்றார். மங்கோடு வந்தவர் இரண்டு வியாதியோடு நின்றார். எனக்குக் கோபம் அவர்மேல் இல்லை, சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுத்த கைமேல்தான். இப்படிப் பழகிய க்ரீமை நீங்களாகவே சட்டென்று நிறுத்தாதீர்கள், முகம் கொதித்துப் போகும். மருத்துவரிடம் காட்டிப் படிப்படியாக விடுங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நாரால் தேய்ப்பது, எலுமிச்சை பிழிவது என்று தோலைப் புண்ணாக்கினால் நிறமி கீழடுக்குக்குச் சிந்திவிடும். அங்கே உதிர வழியில்லை. துப்புரவுச் செல்கள் அதை விழுங்கிக்கொண்டு அங்கேயே கிடக்கும். சாம்பல் நீலமாகத் தெரியும் அந்த மங்கு எளிதில் போகாது.

ஏற்காட்டிலிருந்து வருபவர்கள், "எங்களுக்கு ஏது வெயில்?" என்று கேட்பார்கள். சேலத்தைவிட ஏறக்குறைய 1,200 மீட்டர் மேலே இருக்கிறது ஏற்காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் பத்து சதவீதத்துக்கு மேல் கூடும். சுடாத வெயிலும் வெயில்தான், மேகத்தையும் தாண்டி வரும்.

வெண்புள்ளியில் கதை தலைகீழ். அங்கே நம் எதிர்ப்பு சக்தியே சமையல்காரரை அடித்துத் துரத்திவிடுகிறது. சுற்றியுள்ள செல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன, கேரியர் வருவதில்லை, அவ்வளவே. தொற்றாது, குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிகிச்சை பிடிக்கும்போது வெள்ளைக்கு நடுவே மிளகுத்தூள் தூவியதுபோல ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் பழுப்புப் புள்ளி முளைக்கும். மயிர்க்காலுக்குள் பதுங்கியிருந்த மெலனோசைட்டுகள் வெளியே வந்து மறுபடி கடை திறப்பதுதான் அது. முடியில்லாத உதட்டிலும் விரல்நுனியிலும் நிறம் திரும்பச் சிரமப்படுவது இதனால்தான்.

அந்த அம்மாவுக்கு முதலில் தோலை ஆற்றினேன், அப்புறம்தான் மங்கு. சன்ஸ்கிரீனை முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். வியர்க்கும் வேலைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் அவர் கூலிக்குக் கட்டாது. அதனால் அகல விளிம்புத் தொப்பி, மூக்கை மறைத்துக் கட்டிய துண்டு, காலையிலும் உச்சிவேளைக்கு முன்பும் மட்டும் சன்ஸ்கிரீன் என்று பேசி முடித்தோம்.

நாலாம் மாதம் வந்தபோது கன்னம் பாதி தெளிந்திருந்தது. கூடவே மகள், பிளஸ் ஒன் படிக்கிறாள். நல்ல கருப்பு, ஒரு மரு மங்கு இல்லை.

"இவளையும் கொஞ்சம் வெளுப்பாக்கிக் குடுங்க டாக்டரம்மா."

வெள்ளைக்காரர் முகத்திலும் இவள் முகத்திலும் மெலனோசைட்டின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான், இவளுக்குப் பை பெரிது, தனித்தனியாகப் பரவியிருக்கிறது, நின்று காவல் காக்கிறது என்று விளக்கினேன். அம்மா மகளைப் பார்த்தார். மகள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தாள். சீட்டில் எழுத எதுவும் இல்லை, மடித்து மேசை டிராயரில் போட்டுவிட்டேன்.