சிகிச்சைப் படுக்கையில் வரும் கண்ணீர்: தொட்டு வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டியவை

தோள்பட்டை வலிக்காகவோ இடுப்பு வலிக்காகவோ வந்த ஒருவர், வலிக்கும் அளவுக்கு அழுத்தமே கொடுக்காத நேரத்தில் திடீரென்று தேம்பி அழத் தொடங்குவதை இயன்முறை மருத்துவர்கள் எல்லோரும் எப்போதாவது பார்த்திருப்போம். யோகா ஆசிரியர்கள் இதைச் சவாசனத்தில் பார்க்கிறார்கள். தொக்கணம் என்னும் சித்த மருத்துவப் பிடிமுறை, வர்மம், எண்ணெய்த் தேய்ப்பு செய்பவர்கள் தங்கள் மேசையில் பார்க்கிறார்கள். அழுகை மட்டும் என்றில்லை. சிலருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும், சிலருக்குக் குப்பென்று வியர்க்கும், சிலருக்குக் காரணம் சொல்லத் தெரியாத கோபம் வரும், சிலர் கண்ணைத் திறந்து வைத்தபடியே எங்கோ போய்விடுவார்கள். எலும்பையும் தசையையும் நரம்பையும் ஆண்டுக்கணக்கில் படித்துவிட்டு வரும் நமக்கு, கண்ணெதிரே இது நடக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று பெரும்பாலும் யாரும் சொல்லித் தந்திருப்பதில்லை.

நம் தொழிலில் இந்தக் கண்ணீரை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். "இந்தச் சின்ன வலியைத் தாங்க முடியாதா?" என்று அதட்டிவிட்டு வேலையைத் தொடர்வது பழைய வழக்கம். அதைவிட எனக்குக் கவலை தருவது அண்மைக் காலத்தில் பரவியிருக்கும் மற்றொன்று: உள்ளே அடைந்து கிடந்த துக்கம் வெளியேறுகிறது, நன்றாக அழட்டும் என்று சொல்லி, அதே இடத்தை இன்னும் அழுத்துவது, அதே மூச்சை இன்னும் வேகமாக இழுத்துவிடச் சொல்வது. யார் அதிகம் அழுதாரோ அவருக்கே அதிகப் பலன் என்ற எண்ணத்தை வளர்க்கும் பயிற்சி முகாம்கள்கூட நடக்கின்றன. பல நாள் கழித்து ஒருவர் பரிவோடு தொட்டதால் வரும் ஆறுதல் கண்ணீரும் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பல நேரங்களில் அது, நரம்பு மண்டலம் ஆபத்து என்று கருதிய ஒன்றுக்குக் காட்டும் எதிர்வினை. அதைக் குணமாவதன் அடையாளமாகக் கொண்டு துரத்தக் கூடாது. அந்த நேரத்தில் நம் முதல் வேலை கையை நிறுத்துவது.

பேரச்சம் நேரும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி, என்ன நடக்கிறது என்று நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே உடலை முடுக்கிவிடுகிறது. இதயம் வேகமெடுக்கிறது, தசைகள் முறுக்கேறுகின்றன, மூச்சு மேல்மூச்சாகிறது. ஒரு நிகழ்வை இன்ன நாள், இன்ன இடம், நடந்து முடிந்தது என்று மூளை வகைப்படுத்துவதில் ஹிப்போகாம்பஸ் என்னும் மற்றொரு பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. தாங்க முடியாத அச்சத்தின் நடுவே இந்த வேலை ஒழுங்காக நடப்பதில்லை என்பதால், பிற்பாடு அந்த நிகழ்வின் ஒரு சிறு துண்டு, ஒரு வாசனையோ படுத்திருக்கும் நிலையோ, எதிர்ப்பட்டாலும், உடல் அதைப் பழைய நினைவாகக் கொள்ளாமல் இப்போது நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் இந்நிலையை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்த நோய் (பி.டி.எஸ்.டி.) என்ற பெயரில் தனி நோயாகச் சேர்த்தது. அதற்கு முன்பும் இந்நோய் உள்ளவர்கள் மருத்துவர்களிடம் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இந்தப் பெயர் மட்டும் இல்லை.

தசையிலும் சவ்விலும் பழைய நினைவுகள் தேங்கிக் கிடக்கின்றன என்று சொல்வோர் பலர். உடலின் இறுக்கத்தை மனத்தின் கவசம் என்று 1930களிலேயே வில்ஹெம் ரைஷ் விவரித்ததிலிருந்து இந்தக் கருத்து பல வடிவங்களில் வந்துகொண்டிருக்கிறது. நீண்ட நாள் அச்சத்தில் வாழ்ந்தவரின் தோளும் தாடையும் அடிவயிறும் இறுகியே இருப்பது உண்மை. ஆனால் ஒரு நிகழ்வின் நினைவு தசைநாருக்குள் சேமிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. உடலின் நிலையையும் தொடுகையையும் ஆபத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருப்பது மூளைதான். இதை வெறும் கோட்பாட்டுத் தகராறு என்று ஒதுக்க முடியாது. நினைவு தசையில் இருக்கிறது என்று நம்புகிறவர் அதை அழுத்திப் பிழிந்து எடுக்கப் பார்ப்பார். முடிச்சு மூளையில் இருக்கிறது என்று அறிந்தவருக்கோ, அழுத்துவது அதே அச்சத்தை மறுபடியும் கற்றுக்கொடுப்பதாகும் என்பது புரியும்.

எது தூண்டும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம். குப்புறப் படுத்து, பின்னால் நிற்பவர் யார் என்று தெரியாமல் கிடப்பது பலருக்குக் கடினமாக இருக்கிறது. கழுத்து, உள் தொடை, அடிவயிறு ஆகிய இடங்களைத் தொடும்போது எதிர்வினை வரலாம். திரையை இழுத்து மூடும் ஓசை, விளக்கை அணைப்பது, கதவுத் தாழ்ப்பாள், இடுப்பு இழுவைப் பட்டையை இறுக்குவது, "அசையாமல் படு" என்ற ஒரு கட்டளை போன்றவையும் போதும். சித்திரவதைக்கு ஆளானவர்களோடு பணியாற்றுவோர் இதை நன்கு அறிவார்கள். டென்மார்க்கில் மருத்துவர் இங்கே கெனெஃப்கே 1982இல் கோபன்ஹேகனில் அவர்களுக்கான மறுவாழ்வு மையத்தைத் தொடங்கியபோது, இயன்முறை மருத்துவமும் அந்தச் சிகிச்சையின் பகுதியாக இருந்தது. உள்ளங்காலில் அடிக்கப்பட்டவருக்குக் காலைத் தொடுவதும், மின்சாரத்தால் வதைக்கப்பட்டவருக்கு மின்தூண்டலால் வலியைக் குறைக்கும் டென்ஸ், ஐ.எஃப்.டி. கருவிகளின் ஒட்டுப் பட்டைகளும், நீரில் மூழ்கடிக்கப்பட்டவருக்கு நீர்ச் சிகிச்சைத் தொட்டியும் என்னவாகத் தோன்றும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போரைக் கடந்து ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கும், காவலில் அடிபட்டவர்களுக்கும், வீட்டுக்குள்ளேயே அடிபட்டவர்களுக்கும் நம் ஊரில் சிகிச்சை அளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துத்தான் அந்தக் கருவிகளைக் கையில் எடுக்க வேண்டும்.

அழுகையை நாம் கவனித்துவிடுகிறோம்; உறைந்துபோவதைத் தவறவிடுகிறோம். ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் போகும்போது உடல் அசைவற்று இறுகிவிடும், குரல் எழும்பாது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வல்லுறவுக்குப் பின் அவசரச் சிகிச்சை மையத்துக்கு வந்த 298 பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், 70 சதவீதம் பேர் அந்த நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு இப்படி அசைவற்றுப் போனதாகத் தெரிவித்திருந்தார்கள். சிகிச்சைப் படுக்கையில் இதே நிலை வந்தால், நோயாளி நன்றாக ஒத்துழைக்கிறார், தளர்ந்து படுத்திருக்கிறார் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தளர்ந்தவரின் மூச்சு வயிறுவரை இறங்கும், விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கும், கேட்டால் சற்றுத் தாமதமாகவேனும் இயல்பாகப் பதில் வரும். உறைந்தவரின் மூச்சு நெஞ்சுக்கு மேலேயே நிற்கும், கால்விரல்கள் மடங்கியிருக்கும், பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், எதைக் கேட்டாலும் "பரவாயில்லை" என்ற ஒரே சொல் வரும்.

ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்; அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கழுத்துவலியோடு வந்த நடுத்தர வயதுப் பெண்மணிக்குக் கழுத்து இழுவை, அதாவது தாடையில் பட்டை மாட்டிக் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சை, எழுதப்பட்டிருந்தது. தாடையைச் சுற்றிப் பட்டையை மாட்டியவுடன் அவர் இரண்டு கட்டை விரல்களையும் பட்டைக்குள் நுழைத்துக்கொண்டார். கண் டியூப்லைட்டிலேயே நின்றது. "வலிக்குதாம்மா?" என்று கேட்டேன். "இல்லைங்க, நீங்க பண்ணுங்க" என்றார். வாய் சம்மதித்தாலும் அந்த விரல்கள் சம்மதிக்கவில்லை. "பட்டையைக் கழற்றிட்டேம்மா, இதை இனி மாட்டப் போறதில்லை" என்று, செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்தேன். தலைமாட்டை உயர்த்தி, அவரை உட்காரவைத்து, கால்கள் தரையில் படும்படி செய்து, வாசலை மறைக்காத இடத்தில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சுவரில் உள்ள காலண்டரில் இன்று என்ன தேதி என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். சற்று நேரத்தில் தண்ணீர் கேட்டார். சூட்டு ஒத்தடமும் அவரே செய்யும் கழுத்துப் பயிற்சிகளுமாகச் சிகிச்சையை மாற்றிக்கொண்டோம், வலியும் குறைந்தது. அவருக்கு என்ன நடந்திருந்தது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளாமலே என் வேலையைச் சரியாகச் செய்ய முடிந்தது என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கதையைக் கேட்டுப் பெறுவது நம் பயிற்சிக்குள் வராத வேலை. ஆறுதல் சொல்வதாக நினைத்து அணைத்துக்கொள்வதும் கையை இறுகப் பற்றுவதும்கூட அந்த நேரத்தில் இன்னொரு அத்துமீறலாகிவிடக் கூடும்.

மூச்சுப் பயிற்சிகளில் தனிக் கவனம் வேண்டும். கபாலபாதி, பஸ்திரிகா போன்றவற்றை நீண்ட நேரம் வேகமாகச் செய்யும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் சுள்ளென்று குத்தும், கை கோணிக்கொண்டு இழுக்கும், தலை சுற்றும். இவற்றைக் குண்டலினி எழும்பிவிட்டது, சாமி வந்துவிட்டது என்று சொல்லித் தொடர்ந்து செய்ய வைப்பது ஆபத்து. மூச்சை மெதுவாக்கினாலே பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அமைதிப் பயிற்சியே சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். உளவியலாளர்கள் ஹைடியும் பொர்கோவெக்கும் 1983இலேயே இதைப் பதிவு செய்தார்கள். எப்போதும் விழிப்பாக இருந்தே உயிர் பிழைத்தவருக்கு, கண்ணை மூடி மல்லாந்து படுப்பது காவலைக் கைவிடுவதாகத் தோன்றும். அவர் கண்ணைத் திறந்துகொண்டே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் அதுவும் சவாசனம்தான் என்பது என் கருத்து.

நடுக்கமும் வியர்வையும் எல்லாம் மனக்காயத்தால்தான் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்த நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் இருக்கும். நெஞ்சுவலி, வாய் குழறுதல், ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்ளுதல் இருந்தால் தாமதிக்காமல் 108ஐ அழைக்க வேண்டும். பக்கவாதம் வந்தவர்கள் பயிற்சியின் நடுவே காரணமில்லாமல் அழுவதும் சிரிப்பதும், மூளையில் உணர்ச்சி வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பாதைகள் பாதிக்கப்படுவதால் வருவது. "அப்பா இப்படி அழுகிறாரே, மனம் உடைந்துவிட்டாரோ" என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இதை விளக்குவதும், தேவையானால் மருந்து உண்டு என்று நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவதும் நம் பொறுப்பு.

நம் ஊரில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. நோயாளியோடு கணவரோ மாமியாரோ உள்ளேயே நிற்பார்கள். அவர்கள் முன்னால் அழுதுவிட்ட பெண்ணிடம் வீடு திரும்பும் வழியெல்லாம் விசாரணை நடக்கும். அவரைக் காயப்படுத்தியவரே துணையாக வந்திருக்கவும் கூடும். துணைக்கு ஆள் வேண்டுமா, யார் இருக்கட்டும் என்பதை நோயாளியிடம் தனியாகக் கேட்டு முடிவு செய்வதை எல்லா நோயாளிகளுக்கும் பொதுவான நடைமுறையாக வைத்துவிட்டால், யாருக்கும் சந்தேகம் எழாது. பெண் நோயாளி விரும்பினால் பெண் உதவியாளர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும். "உள்ளே ஏன் அழுதாள்?" என்று வெளியே கேட்கப்பட்டால், "சிகிச்சையின்போது சிலருக்கு அப்படி வரும்" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. நோயாளி குழந்தையாக இருந்து, பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால் மட்டும் நிலைமை வேறு: 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

உடற்பயிற்சிகள் இவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்ல வருவதாக யாரும் எண்ணக் கூடாது. மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட காலச் சிகிச்சைக்கும் கட்டுப்படாத பி.டி.எஸ்.டி. உள்ள 64 பெண்கள் சேர்க்கப்பட்டனர். 10 வாரங்கள் யோகா பயின்றவர்களில் 52 சதவீதம் பேருக்கு முடிவில் அந்த நோய்க்கான வரையறை பொருந்தவில்லை. உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் அது 21 சதவீதமாக இருந்தது. சிறிய ஆய்வுதான். அவர்கள் மனநலச் சிகிச்சைக்குத் துணையாகவே யோகா பயின்றார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அந்த வகை யோகாவில் ஆசிரியர் மாணவரைத் தொட்டுத் திருத்துவதில்லை, "விரும்பினால் கையை உயர்த்திப் பாருங்கள்" என்ற அளவில்தான் பேசுகிறார், எந்த அசைவையும் எந்த நொடியிலும் விட்டுவிடலாம். யாரையும் அழவைக்க அங்கே முயல்வதில்லை. தன் உடல் தன் வசம் இருக்கிறது என்ற உணர்வு சிறிது சிறிதாகத் திரும்புவதற்கே அந்த ஏற்பாடெல்லாம்.

அந்த உணர்வைத் தருவதற்கு விலையுயர்ந்த பயிற்சி எதுவும் நமக்குத் தேவையில்லை. எங்கே தொடப்போகிறோம், ஏன், எவ்வளவு நேரம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, "தொடலாமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது முதற்படி. குரல் வராமல் போகலாம் என்பதால், கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடுவேன் என்று ஒரு சைகையைப் பேசி வைத்துக்கொள்வதும், உயர்த்தினால் காரணம் கேட்காமல் நிறுத்துவதும் அவசியம். குப்புறப் படுக்க முடியாதவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தோ, நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்காரவைத்தோ முதுகுக்குச் சிகிச்சை தரலாம். ஒரு முறை எதிர்வினை வந்துவிட்டால், அன்றைய சிகிச்சையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அழுததற்காக வெட்கப்பட்டுப் பலர் அடுத்த முறை வருவதே இல்லை என்பதால், கிளம்பும் முன்பே, "இது பலருக்கும் வருவதுதான், அடுத்த முறை எப்படிச் செய்யலாம் என்று சேர்ந்து முடிவு செய்வோம்" என்று சொல்லிவிடுவது நல்லது. குறிப்பேட்டில் எந்த நிலையில், எந்தத் தொடுகையில் வந்தது, எதனால் அடங்கியது என்பதை மட்டும் எழுதுங்கள், ஊகங்களை எழுதாதீர்கள்.

அடிக்கடி கெட்ட கனவு, தூக்கமின்மை, சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் இருப்பதாக அவரே சொன்னால் மனநலச் சிகிச்சை பற்றிப் பேசலாம். "உங்களுக்கு மனநோய் இருக்கிறது" என்று தொடங்கினால் அத்தோடு கதவு மூடிவிடும். "கழுத்துக்கு நான் பார்க்கிறேன்; இந்தப் படபடப்புக்கும் தூக்கத்துக்கும் பார்க்கும் மருத்துவர் நம் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார், இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்" என்று சொன்னால் பலர் போகிறார்கள். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு மத்திய அரசின் டெலி மனஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசுகிறது. வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் வரவேற்பறையில் ஒட்டினால் துணைக்கு வந்தவர் பார்க்க, நோயாளி கண்ணை எடுத்துக்கொள்வார். பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.