போன் நம்பரை வைஃபை பாஸ்வேர்டாக வைத்தால்

ஃபைபர் இணைப்பு கொடுக்க வருபவர் ரூட்டரைச் சுவரில் மாட்டிவிட்டுக் கடைசியாகக் கேட்பது, "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?" பல வீடுகளில் பதில், பத்து இலக்க மொபைல் நம்பர். மறக்காது என்பது மட்டுமே அதன் தகுதி.

அது ஏன் தாங்காது? இன்று பல வீடுகளில் உள்ள வைஃபை பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2-வில் (WPA2) பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. போன், பாஸ்வேர்டையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து விடையிலிருந்து மூலத்தைத் திருப்பி எடுக்க முடியாத 'ஹாஷ்' கணக்கில் 4,096 சுற்று அரைத்து ஒரு சாவி செய்கிறது. ரூட்டரும் தன் பக்கம் அதையே செய்கிறது. பிறகு ஆளுக்கொரு தற்செயல் எண்ணைப் பரிமாறி, இருவரிடமும் இருப்பது ஒரே சாவிதானா என்று நான்கு செய்திகளில் சரிபார்த்துக்கொள்கின்றன. இந்த நான்கையும் தெருவில் லேப்டாப்போடு நிற்பவரும் கேட்கலாம்.

நீங்கள் இணையும் நேரத்துக்காக அவர் காத்திருக்கவும் வேண்டாம். 'இணைப்பைத் துண்டி' என்று ரூட்டரின் பெயரில் ஒரு பொய்ச் செய்தி அனுப்பினால், பல ரூட்டர்களில் போன் அதை நம்பி விலகி, தானாக மறுபடி இணையும். வைஃபை குறி ஒரு கணம் மறைந்து வரும், அவ்வளவுதான். நான்கு செய்திகளும் பதிவாகிவிட்டன. இனி அவர் தன் வீட்டில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு யூகத்தையும் அதே மாதிரி அரைத்து, பதிவோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். தப்பாகப் போட்டால் தடுக்க அங்கே ரூட்டர் இல்லை.

இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள். கேம் ஆட வாங்கும் உயர்ரக கிராபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் யூகங்களைச் சோதிக்கும். அத்தனை எண்ணையும் முடிக்க 4,000 நொடி, சுமார் 67 நிமிடம்.

7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் பகடை உருட்டி நான்கு சொற்களை எடுங்கள். அதே கார்டுக்கு நூறாண்டுக்கு மேல் ஆகும். முருங்கை, டம்ளர், கூரை, பதினேழு என்பது போல ஒட்டாத சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். பழமொழியோ பாட்டு வரியோ எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது.

2018-இல் வந்த அடுத்த முறையான டபிள்யூபிஏ3 இந்த ஓட்டையை அடைக்கிறது. அதில் ஒவ்வொரு யூகத்துக்கும் ரூட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். பழைய பிரிண்டர் இணையாமல் அடம்பிடித்தால் இரண்டும் கலந்த முறையை வைக்கலாம். ஆனால் டபிள்யூபிஏ2 வழியாக இணையும் கருவி ஒன்று இருந்தாலும் மேலே சொன்ன தாக்குதல் நடக்கும். நீளமான பாஸ்வேர்டு அப்போதும் வேண்டும்.

வைஃபை பாஸ்வேர்டை மாற்ற, ரூட்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் முகவரியை பிரவுசரில் திறங்கள். பெரும்பாலும் 192.168.1.1. முதல் வேலை, அந்தப் பக்கத்தின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவது. அடுத்து, பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானாலோ பின் (PIN) எண்ணாலோ கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். மீதி ஏழையும் ரூட்டர் நான்கு, மூன்று என்று பிரித்துச் சோதிப்பதால், ஒரு கோடி யூகம் தேவைப்பட வேண்டிய இடத்தில் 11,000 போதும். வைஃபையின் பெயரை மறைப்பது வீண் வேலை, போன்களே அதைக் கூவிச் சொல்லும்.

2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளுக்கும் பல ரூட்டர்களில் தனித்தனிப் பக்கம். ஒன்றை மாற்றிவிட்டு இன்னொன்றில் பழைய மொபைல் நம்பரை அப்படியே விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேமரா, ஸ்மார்ட் பல்பு, விருந்தாளிகளின் போன் எல்லாம், உங்கள் மற்ற கருவிகளிலிருந்து பிரிந்திருக்கும் தனி வைஃபையான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கட்டும்.

அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோனால் ஊசியால் ரீசெட் பொத்தானை அழுத்தப் போகாதீர்கள். ஃபைபர் ரூட்டரில் நிறுவனம் ஏற்றிவைத்த இணைப்பு விவரங்களும் சேர்ந்து அழிந்துபோகலாம். பிறகு ஆள் வந்து மறுபடி ஏற்றும்வரை நெட் கிடையாது.