மழை அதே மழைதான் என்பவர்களுக்கு

லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, மேலே நிலம் வெடித்திருக்கிறது என்று இலங்கையில் பதுளைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வெடிப்புக்குள் கை நுழைகிறது. பக்கத்தில் நின்றவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "இது காலநிலை மாற்றம், நாம் என்ன செய்ய முடியும்?" என்கிறார் தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர். "எங்கள் தாத்தா காலத்திலும் மண் சரிந்ததுதான், அன்றைக்கும் இதே மழைதான்" என்கிறார் ஒரு பெரியவர். யார் சொன்னது சரி என்றாலும் முடிவு ஒன்றுதான்: யாரும் லயத்தை விட்டு நகரவில்லை.

சரிவுகளைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். அந்தப் பெரியவரின் பேச்சை எத்தனையோ மலைகளில் கேட்டுச் சலித்துவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐயா, வருஷம் முழுக்கப் பெய்ததைக் கூட்டினால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். சரிவுக்கு வருஷக் கணக்கு முக்கியமில்லை. 300 மில்லிமீட்டர் மழை ஒரு மாதமாகத் தூறினால் மண் குடிக்கும், மீதி கான் (வடிகால்) வழியே ஓடிவிடும். அதே 300 இரண்டு நாளில் கொட்டினால் தண்ணீர் வடிய அவகாசமே இல்லை. மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் இருந்த பிடி விட்டுப்போகும். மொத்த மழை ஒன்றுதான், ஆனால் ஒரு லயம் இருக்கிறது, மற்றது இல்லை. காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், பெய்யும்போது அது ஒரேயடியாக இறங்கும். 1957 டிசம்பர் வெள்ளத்தை நான் மறுக்கவில்லை, அன்றும் கொட்டியதுதான். அப்படிக் கொட்டும் நாள்கள் அடிக்கடி வரும் வாய்ப்பு இப்போது கூடியிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் "அதே மழை" என்று சொல்லலாமா?

உத்தியோகத்தருக்கும் ஒரு வார்த்தை. மழையை நிறுத்த முடியாது, சரி. ஆனால் லயத்துக்குப் பின்னால் சரிவின் அடியை வெட்டியது மழை இல்லை. கான்கள் மண்மூடிக் கிடப்பதற்கும் மழை பொறுப்பில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் புதைந்தன. அங்கிருந்து மக்களை அகற்றச் சொல்லி 2005லும் 2011லும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போ என்று சொன்னால் மட்டும் போதாது, போவதற்கு ஒரு துண்டு நிலம் வேண்டும். அது கிடைக்காதவரை எங்கள் அறிக்கைகள் பாதி வேலைதான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மேலும் கீழும் ஒரே அகலமுள்ள பேணி ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள், கூரைத் தண்ணீரோ மரத்துத் தண்ணீரோ விழக்கூடாது. தினமும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் (ரூலர்) அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். பெருமழையில் அடிக்கடி அளந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் அளவுகள் இவை: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் விழிப்பு. 100 தாண்டினால் அடையாள அட்டை, மருந்து, பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பையில் போட்டு ஆயத்தம். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேற வேண்டும். இரவானாலும்தான்.

அளவு எட்டாவிட்டாலும் நிலம் பேசும். சுவரில் புது வெடிப்பு, திடீரென்று இறுகும் கதவு, சாயும் மரம், தண்ணீர் பிடிக்கும் பீலியில் சேற்றுத் தண்ணீர், இல்லாத இடத்தில் ஊற்று. இதில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு, அப்புறம் கிராம சேவகருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் சொல்லுங்கள். லயத்துக்கு மேலே நிலத்தில் இருக்கும் அந்த வெடிப்பையும் சும்மா விடாதீர்கள், மழைத்தண்ணீர் இறங்காதபடி களிமண்ணால் அடைக்க வேண்டும்.

தயவுசெய்து இன்னொன்று. மழை விட்டதும் சாமான் எடுக்க ஓடாதீர்கள். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீர் வெயில் வந்ததும் போய்விடாது, வெயில் அடிக்கும்போதே சரிந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எங்களைப் போல் சரிவு தெரிந்தவர் வந்து சரிவைப் பார்த்து, போகலாம் என்று சொல்லும்வரை பாத்திரமும் தொலைக்காட்சியும் அங்கேயே கிடக்கட்டும்.