தேயிலைத் தோட்டத்தில் எண்ணிய பற்கள்

1970-ஆம் ஆண்டு. இலங்கைக்கு அப்போது சிலோன் என்றுதான் பெயர். நார்வேயில் பிறந்த ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அங்கிருந்த இரண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஆண் தொழிலாளர்கள் 480 பேரின் வாயைப் பார்த்து, ஒவ்வொரு பல்லிலும் ஈறின் பிடி எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அவர்கள் தமிழர்கள். தேயிலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள். பிரஷ், பேஸ்ட், பல் மருத்துவர் எதுவுமே எட்டாத வாழ்க்கை. 1985 வரை, 15 ஆண்டுகள், அதே ஆட்களை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள்.

எல்லார் வாயிலும் அழுக்குப் படலம், அது கல்லாக இறுகிய காரை, வீங்கிய ஈறு. இது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத விஷயங்கள் இரண்டு இருந்தன. ஒன்று, அவ்வளவு அழுக்கு இருந்தும் சொத்தைப் பல் அநேகமாக யாருக்குமே இல்லை. இன்னொன்று, ஒரே மாதிரி அழுக்கோடு வாழ்ந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் பற்கள் எல்லாமே போய்விட்டன. 81 சதவீதம் பேருக்கு நோய் மெதுவாக நகர்ந்தது. மீதி 11 சதவீதம் பேருக்கு ஈறு சிவந்து வீங்கியதோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்த எண்களை முதலில் படித்தபோது நான் அசந்துபோனேன். மருத்துவம் கிடைக்காத நம் மக்களின் வாயிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது என்பது வலிக்கிறது. ஆனால் பாடம் பெரியது. சொத்தையும் ஈறு நோயும் வேறு வேறு நோய்கள். ஒன்றுக்கான காரணம் இருந்தால் மற்றதும் வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை.

முதலில் சொத்தையைப் பார்ப்போம். சொத்தைப் பல்லுக்குள் புழு இருக்கிறது என்று நம்பி, கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பல் புழு நம்பிக்கை உலகத்தின் பல மூலைகளில் இருந்ததுதான். பிரான்சில் பியர் ஃபோஷார் என்ற பல் மருத்துவர் 1728-இல் வெளியிட்ட நூலில் அதை மறுத்தார். புழு கிடையாது. உண்மையில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். அவையும் பல்லைக் கடித்துத் தின்பதில்லை. நாம் சாப்பிடும் சர்க்கரையை அவை தின்கின்றன, கழிவாக அமிலத்தை விடுகின்றன. பல்லை அரிப்பது அந்த அமிலம்தான்.

பல்லின் மேல்பூச்சான எனாமலில் கிட்டத்தட்ட 96 சதவீதம் தாதுப்பொருள். உடம்பிலேயே மிகக் கடினமானது. ஆனால் பல்லை ஒட்டிய இடத்தில் பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இறங்கும் எண்) 5.5-க்குக் கீழே போனால் கால்சியமும் பாஸ்பேட்டும் அதிலிருந்து கரைய ஆரம்பித்துவிடும். அமெரிக்கரான ராபர்ட் ஸ்டீபன் 1940-களில் இதை அளந்து காட்டினார். சர்க்கரைக் கரைசலால் வாயைக் கொப்பளித்த சில நிமிடங்களில் பல்லில் ஒட்டிய அழுக்குப் படலத்தின் பி.எச். சரேலென்று இறங்குகிறது. பழைய நிலைக்கு ஏறிவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகிறது. ஏற்றிவிடுவது எச்சில். அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட் அதில் இருக்கிறது. கரைந்துபோனதைத் திரும்பப் பூசிவிடக் கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. அதாவது பல் தினமும் கொஞ்சம் கரைகிறது, தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்கிறது. கரைவது மிஞ்சினால் முதலில் எனாமலில் வெள்ளைத் திட்டு தெரியும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் ஓட்டை விழாமல் மீட்டுவிடலாம். குழி விழுந்துவிட்டால் பல் தானாக அடைத்துக்கொள்ளாது.

ஆக, எவ்வளவு சர்க்கரை சாப்பிட்டோம் என்பதோடு, ஒரு நாளில் எத்தனை முறை சாப்பிட்டோம் என்பதும் முக்கியம். இது தெளிவானது ஸ்வீடனில், லூண்ட் நகரத்தின் விபெஹோல்ம் மருத்துவமனையில். 1945 முதல் சில ஆண்டுகள், அங்கே தங்கியிருந்த மனவளர்ச்சி குன்றிய நோயாளிகளுக்கு விதவிதமாக இனிப்பு கொடுத்துச் சொத்தையை எண்ணினார்கள். சம்மதம் சொல்லக்கூட முடியாதவர்களின் பற்களைக் கெடுத்துப் பார்த்த ஆய்வு அது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. சாப்பாட்டோடு சேர்த்துச் சர்க்கரை பெற்றவர்களுக்குச் சொத்தை கொஞ்சம்தான் கூடியது. சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒட்டிப்பிடிக்கும் டாஃபி தின்றவர்களுக்கு மளமளவென்று ஏறியது.

இதை நம் நாளோடு வைத்துப் பாருங்கள். காலை எழுந்ததும் காபி, பத்தரைக்கு டீயும் பிஸ்கட்டும், மூன்று மணிக்கு இன்னொரு டீ, ஆறு மணிக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு ஸ்பூன் சர்க்கரைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் பி.எச். இறங்கி ஏறுகிறது. ஒரே டம்ளரை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உறிஞ்சினால் அந்த நேரம் முழுக்க எச்சிலுக்கு வேலை செய்ய வாய்ப்பே கிடைக்காது. கல்யாணப் பந்தியில் இலையில் வைத்த ஜாங்கிரியைச் சாப்பாட்டோடு முடிப்பவரைவிட, நாள் முழுக்க மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டிருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

தூங்கும்போது எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும். இரவு படுக்கும்முன் பல் தேய்க்கச் சொல்வது இதனால்தான். குழந்தை பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கினால் மேல் முன்பற்கள் வரிசையாகச் சொத்தையாவதும் இதனால்தான். பால் பல்தானே, விழுந்துவிடும் என்று விடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருக்க வேண்டியவை. பெரியவர்களுக்கு வரும் வாய் வறட்சியும் இதே கணக்குதான். மன அழுத்தத்துக்கும் ஒவ்வாமைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் எடுக்கும் மாத்திரைகளில் சில எச்சிலைக் குறைக்கும். மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஆனால் வாய் காய்கிறது என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எச்சிலுக்குத் துணை ஃப்ளோரைடு. அது கலந்து மீண்டும் கட்டிக்கொண்ட எனாமல் அமிலத்தை இன்னும் கூடுதலாகத் தாங்கும். பேஸ்ட்டில் அதைச் சேர்ப்பது அதனால்தான். அளவு மீறினால் கெடுதல் என்பதை தர்மபுரிக்காரர்களுக்கும் கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளோரைடு அதிகம், பற்களில் பழுப்புக் கறை. ஆகவே 3 வயதுக்குள் ஓர் அரிசியளவு பேஸ்ட், 6 வயது வரை பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

சரி, இனி ஈறு. தோட்டத்துக்குப் போவதற்கு முன்பே லோ இன்னொரு பரிசோதனை செய்திருந்தார். 1965-இல் வெளியான அந்த ஆய்வில், ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கியது. திரும்பத் தேய்க்க ஆரம்பித்து ஒரு வாரம் போல் ஆனதும் சரியாகிவிட்டது. ஈறு வீக்கத்துக்கு அழுக்குப் படலம்தான் காரணம் என்பதும், இந்தக் கட்டத்தில் முழுதாக மீளலாம் என்பதும் இப்படித்தான் நிரூபணமாயின. தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பலரும் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தேய்க்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு. அழுக்கு தங்கியிருப்பதால்தான் அங்கே ரத்தம் வருகிறது. மென்மையான பிரஷ்ஷால் அங்கேதான் கவனமாகத் தேய்க்க வேண்டும்.

படலத்தை விட்டுவைத்தால் எச்சிலில் உள்ள தாதுக்கள் படிந்து அது காரையாக இறுகும். பிரஷ்ஷுக்கு வராது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் பள்ளம் விழும். காற்று எட்டாத அந்த இடம் வேறு வகை பாக்டீரியாக்களுக்குத் தோதானது. அவற்றை விரட்ட உடம்பு வெள்ளணுக்களை அனுப்புகிறது. சண்டை முடியாமல் நீளும்போது நம் உடம்பு தன் எலும்பையே கரைக்கத் தொடங்குகிறது. பல்லைத் தாங்கும் எலும்பை அழிப்பதில் கிருமியைவிட நம் எதிர்ப்பு சக்தியின் பங்குதான் பெரிது. வலியும் பெரும்பாலும் இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரிய வரும்.

அந்த 8 சதவீதத்துக்கும் 11 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி எப்படிச் சண்டை போடும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு. அதை மாற்ற முடியாது. மாற்ற முடிந்தவற்றில் முதலாவது புகைப்பழக்கம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் புகைப்பவரின் ஈறில் ரத்தம் அவ்வளவாக வராது. எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு எலும்பை அரிக்கும் பழக்கம் அது. இரண்டாவது சர்க்கரை நோய். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை ஈறைக் கெடுக்கும், கெட்ட ஈறு சர்க்கரையைக் கட்டுக்குள் வரவிடாது. ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இவ்வளவு பேருக்குச் சர்க்கரை நோய் உள்ள நம் ஊரில், பாதத்தையும் கண்ணையும் பார்க்கும்போது வாயையும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சீக்கிரம் வீங்கும். அதற்காகப் பல் மருத்துவரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

எலும்பு குறைந்து ஈறு இறங்கினால் வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கிடையாது. அது இன்னும் லேசான அமிலத்திலேயே கரையும். வயதானவர்களுக்கு ஈறோரத்தில் சொத்தை வருவது இப்படித்தான். வேறு வேறு நோய்களாக இருந்தவை கடைசியில் இந்த இடத்தில் கைகோத்துவிடுகின்றன.

கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்று பயப்படுகிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எலும்பு முன்பே போய், காரைதான் அந்தப் பற்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. ஆனால் காரை உள்ளே இருக்கும் வரை எலும்பு இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கும்.

தோட்டத்தில் பார்த்த அந்த மூன்று கூட்டங்களில் நாம் எதில் இருக்கிறோம் என்று கண்ணாடியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அப்பாவோ அம்மாவோ 40 வயதுக்கு முன்பே பற்களை இழந்தார்களா என்று வீட்டில் கேளுங்கள். பிறகு பல் மருத்துவரிடம் ஈறுப் பள்ளத்தை அளக்கச் சொல்லுங்கள். மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றால் அளப்பார், பெரிதாக வலிக்காது. 3 வரை இருந்தால் பயமில்லை. 4, 5 என்று வந்தால் எந்தப் பல்லில் எவ்வளவு என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் லோவின் குழு செய்ததும் அதுதான். அடுத்த வருடம் அதே பற்களை அளக்கும்போது அந்தத் தாள் தேவைப்படும்.