லைசென்ஸ் எடுக்கும்போது படிக்காமல் கையெழுத்துப் போடுகிற தாள்

ஓட்டுநர் உரிமத்துக்கான காகிதங்களில் படிவம் 1 என்று ஒன்று இருக்கும். டிரைவிங் ஸ்கூல்காரரே டிக் அடித்து, "இங்கே ஒரு கையெழுத்து சார்" என்று நீட்டிவிடுவார். நம் உடல்நிலை பற்றி நாமே எழுதிக் கொடுக்கும் உறுதிமொழி அது. அதனால் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

வலிப்பு, திடீர் மயக்கம், தலைச்சுற்றல் வருமா? கை காலில் அசைவுக் குறைவு உண்டா? மாலைக்கண் உண்டா? கேள்விகள் இப்படித்தான் போகும். மயக்கம் "எந்தக் காரணத்தால்" வந்தாலும் சொல்ல வேண்டும். ஆகவே இன்சுலின் போட்டுக்கொண்டு அடிக்கடி சர்க்கரை இறங்கித் தலைசுற்றுகிறவர் 'இல்லை' என்று டிக் அடிக்க முடியாது.

பார்வைக்கான கேள்வியை வீட்டு வாசலிலேயே சோதித்துப் பார்க்கலாம். நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் ஒவ்வொரு கண்ணுக்கும் தெரிய வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு பஸ் நீளம். கண்ணாடி போட்டுக்கொண்டே பார்க்கலாம். நான் பார்த்தபோது வலது கண்ணுக்கு 3, 8 இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. மறுநாளே கண்ணாடியை மாற்றினேன்.

40 வயதைத் தாண்டியவர்களுக்கும், லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனம் ஓட்டுபவர்களுக்கும் இது மட்டும் போதாது. பதிவு பெற்ற மருத்துவர் நேரில் பரிசோதித்துப் படிவம் 1ஏ தர வேண்டும். தூரப்பார்வை, காது, கை கால் மூட்டுகள் எல்லாவற்றையும் பார்த்ததாக அவர் அதில் சான்று அளிக்கிறார். ஆளைப் பார்க்காமலே சீல் குத்தித் தரும் இடங்களும் இருக்கின்றன. அங்கே போகாதீர்கள்.

நிறக்குருடு என்றாலே லைசென்ஸ் கிடையாது என்பது பழைய கதை. 2020-இல் விதி மாறியது. லேசான, நடுத்தர அளவுக் குறைபாடு இருந்தால் தடையில்லை. கடுமையாக இருந்தால்தான் சிக்கல்.

லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் விஷயம் முடிவதில்லை. நோயால் ஒருவர் ஓட்டத் தகுதியில்லை என்று நம்பக் காரணம் இருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 16-ஆவது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகம் புதிதாக மருத்துவச் சான்று கேட்கலாம், உரிமத்தை ரத்தும் செய்யலாம். தகுதியில்லை என்று தெரிந்தே ஓட்டினால் முதல்முறை அபராதம் 1,000 ரூபாய் வரை.

ரத்து செய்தால் காரணத்தோடு எழுத்துப்பூர்வ உத்தரவு தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கி, கைக்கு வந்த தேதியைக் குறித்து வையுங்கள். மேல்முறையீடு செய்ய அந்தத் தேதியிலிருந்து 30 நாள்தான்.