ரத்தும் செல்லாததும்

போன வாரம் குத்தாலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பாலித்தீன் பையில் மடித்த உயில் நகல். "தம்பி, எங்க அண்ணன் எழுதி வச்சிட்டுப் போனது. இதை ரத்து பண்ணி ஒரு பத்திரம் எழுதிக் குடு" என்றார். மயிலாடுதுறையில் இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். இதைக் கேட்டு யாராவது வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "அண்ணன் எழுதியதை அவர்தாம்மா ரத்து பண்ணியிருக்க முடியும். நீங்க கோர்ட்டுக்குப் போய் செல்லாதுன்னு வாங்கணும்" என்றேன். அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்குத்தான் புரியவில்லை. அன்றைக்கும் டீக்கடைப் பேப்பரில் 'சட்டத்தை ரத்து செய்தது கோர்ட்' என்று கொட்டை எழுத்து.

'ரத்து' அரபிச் சொல். திருப்பி அனுப்புவது, மறுப்பது என்று பொருள். உருது வழியாக, அந்தக்காலத்தில் கச்சேரி என்று சொன்ன அரசு அலுவலகக் கணக்குகளோடு இங்கே வந்தது. அரபி என்பதற்காக எனக்கு அதன்மேல் கோபமில்லை. சோழன் எக்ஸ்பிரஸ் ரத்து, லைசென்ஸ் ரத்து, ஏலம் ரத்து, எல்லாம் சரி. கொடுத்தவன் தானே திரும்ப எடுத்துக்கொள்வது ரத்து. சட்டத்தைக் கொடுத்தது சட்டமன்றம், ரத்து செய்வதும் அதன் வேலை. சட்டத் தமிழில் அதற்கு 'நீக்கறவு' என்று பெயர்.

'செல்லாது' நம் வீட்டுச் சொல். கைக்குக் கை போகிற காசு செல்லும். போகிற இடமெல்லாம் எடுபடுகிற வாக்கு செல்வாக்கு. காசு கையில்தான் இருக்கிறது, ஆனால் கடைக்காரர் வாங்கமாட்டார் என்றால் செல்லாக்காசு. நீதிமன்றம் ஒரு சட்டத்துக்குச் செய்வதும் இதுவே. புத்தகத்தில் வரி அப்படியே இருக்கும். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கிற, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு 2015 மார்ச்சிலேயே செல்லாது என்றாகிவிட்டது. அதன்கீழ் போலீஸ் இன்னமும் வழக்குப் போடுகிறது என்று கேட்டு 2021-இல் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே அதிர்ந்தார்கள். அரசமைப்பின் 13-ஆவது பிரிவும், அடிப்படை உரிமைக்கு எவ்வளவு முரணோ அவ்வளவுக்குச் சட்டம் செல்லாது என்கிறது. 'அவ்வளவுக்கு ரத்து' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு இடறும்.

நம் ஊர்க் கதைக்கே வருவோம். 1991 ஜூன் 25-இல் காவிரி நடுவர் மன்றம், ஆண்டுக்கு 205 டி.எம்.சி. மேட்டூருக்கு வரும்படி கர்நாடகம் தண்ணீர் விட வேண்டும் என்றது. அந்த உத்தரவை முறியடிக்க ஒரே மாதத்தில் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டது. "நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு" என்பார்கள் டெல்டாவில். பண்ணவில்லை. குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விக்கு நவம்பர் 22-இல் கருத்துதான் சொன்னது: அந்த அவசரச் சட்டம் அரசமைப்பு தந்த அதிகாரத்தைத் தாண்டியது என்று. தீர்ப்புக்கு அடிப்படையாக இருக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் மாற்றலாம். இரு தரப்புக்கு இடையே வந்த தீர்ப்பையே தூக்கிப்போட முடியாது என்றும் சொன்னது. யோசித்தால், அங்கே ரத்து செய்யப் பார்த்தது கர்நாடகம். கோர்ட் சொன்னது செல்லாது.

இதைக் குழப்பினால், "கோர்ட்டே ரத்து பண்ணும்னா எம்.எல்.ஏ. எதுக்கு?" என்று டீக்கடை பெஞ்சில் ஒருவர் கேட்காமல் என்ன செய்வார்?

தனித்தமிழ் அன்பர்கள் 'நீக்கியது' என்று எழுதி நிம்மதியாகிவிடுகிறார்கள். சட்டையைத்தான் மாற்றியிருக்கிறார்கள், ஆள் அதே ஆள். இன்னும் சிலர் 'சட்டம் தள்ளுபடி' என்கிறார்கள். மனு தள்ளுபடியாகும், கூட்டுறவுக் கடன் தள்ளுபடியாகும், ஆடியில் வேட்டி தள்ளுபடியில் கிடைக்கும்; சட்டம் எப்படி ஆகும்? ஆங்கிலத்து 'ஸ்ட்ரக் டவுன்' என்பதை எழுத்தெண்ணிப் பெயர்ப்பவர்கள் 'அடித்து வீழ்த்தியது' என்கிறார்கள். சட்டம் என்ன பயில்வானா?

பத்திரிகையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். தலைப்பில் இடம் இல்லையாம். எண்ணிப் பார்த்தேன். 'ரத்து' மூன்று எழுத்து, 'செல்லாது' நான்கு.