பழைய கதவில் நான்கு நிறம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில், இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் கதவும் நிலையும் உத்தரமும் அடுக்கிக் கிடக்கும். பல பர்மா தேக்கு. முழுக் கதவாக விலைபோகாத உடைசல் பலகைகளுக்கென்றே வருபவர்களும் உண்டு. அவற்றைக் கண்ணாடிச் சட்டமாக, சுவர் அலமாரியாக, சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த படமாக மாற்றுகிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சாம்பல் நிறம். புதுப் பலகையில் சாயம் பூசி அதைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், அசல் போல அமைவதில்லை. ஏனென்றால் அது மேலே ஏறிய நிறம் மட்டுமல்ல, மரத்திலிருந்து ஒன்று வெளியேறியதாலும் வந்தது.

வாசல் கதவுப் பலகை ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். சாரல் அடிக்கும் கீழ்ப்பகுதி வெளிறிய சாம்பல். மேலே, தாழ்வாரம் மழையைத் தடுத்த இடம் கரும்பழுப்பு. நாதாங்கித் தகடு மூடியிருந்த இடத்தில், அதே வடிவில், பொன்னிறத் தேக்கு. ஆணி ஓட்டையைச் சுற்றி மை சிந்தியது போலக் கறுப்பு. ஒரே பலகையில் நான்கு நிறம்.

மரத்தில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ். நீளநீளமான, நிறமற்ற இழை அது. அந்த இழைகளைப் பிணைத்து நிற்கும் பசை லிக்னின். மரத்துக்கு மரம் 20 முதல் 30 சதவீதம் வரை இருக்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை லிக்னின்தான் அதிகம் விழுங்குகிறது, விழுங்கியதும் அதன் பிணைப்புகள் உடைகின்றன. உடைந்த துண்டுகள் பழுப்பு நிறம், தண்ணீரில் கரையக்கூடியவை. மழை படாத மேல்பகுதியில் அவை அங்கேயே தங்கிவிடுவதால் பலகை கறுத்துப் பழுக்கிறது. கீழே சாரல் அவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது வெளுத்த செல்லுலோஸ் இழை. வெயிலே படாத நாதாங்கி இடத்தில் எதுவும் நடக்கவில்லை.

அப்படியானால் கீழ்ப்பகுதி வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? சாம்பலைக் கொண்டுவருவது பூஞ்சை. ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் என்ற ஒன்று ஈர மரத்தின் மேல்பரப்பில் உலகம் முழுக்க வளர்கிறது. வெயில் உடைத்துப்போட்ட துணுக்குகளே அதற்கு இரை. தன்னை வெயிலிலிருந்து காத்துக்கொள்ள அது ஒரு கருநிறமியைச் சுரக்கிறது, அந்தக் கரும்புள்ளிகள் வெள்ளை இழைமேல் பரவும்போது நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. கடலோரத்தில் உப்பு இந்தப் பூஞ்சையை அடக்கிவைப்பதால், அங்கே கிடக்கும் மரத்துக்கு மினுமினுக்கும் வெள்ளி நிறம் வரும். கரை ஒதுங்கிய கட்டைகளைக் கலைப்பொருள் செய்கிறவர்கள் விரும்புவதற்கு அது ஒரு காரணம்.

இதில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இந்த அடுக்கு எவ்வளவு மெல்லியது என்பது. புற ஊதாக் கதிர் மரத்துக்குள் போவது சுமார் 75 மைக்ரோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியும் ஒளி போனாலும் 200 மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடும். அதற்குக் கீழே மரம் வெட்டிய அன்று இருந்தது போலவே இருக்கும். பல ஆண்டு வெயிலும் மழையும் செய்த வேலையை உப்புத்தாள் நான்கு தேய்ப்பில் எடுத்துவிடும். வாங்கிவந்ததும் இழைப்புளி போட்டுச் 'சுத்தம்' செய்கிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. நார்த் தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும்.

மேல்பரப்பு தேய்வதும் சீராக நடப்பதில்லை. பைன் போன்ற மென்மரம், திறந்த வெளியில் நிற்கும்போது நூறு ஆண்டில் சுமார் 6 மில்லிமீட்டர் கரைகிறது என்பது அமெரிக்க வனப்பொருள் ஆய்வுக்கூடத்தின் கணக்கு. அடர்த்தியான மரங்கள் அதைவிட மெதுவாகக் கரையும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் வளர்ந்த திசு தளர்வானது, பிற்பாடு வளர்ந்தது இறுக்கமானது. தளர்ந்தது முதலில் போக, இறுகியது வரப்பாக நிற்கிறது. பழைய பலகையைத் தடவினால் விரலில் படும் மேடுபள்ளம் அதுதான். மழைக்காலமும் வறட்சியும் மாறிமாறி வரும் காட்டில் வளர்ந்த தேக்கில் வளையங்கள் தெளிவாக இருப்பதால் இந்த வரிகளும் தெளிவாக விழும்.

சரி, ஆணிக் கறுப்பு? மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. ஈரத்தில் துருவேறும் இரும்பு அதனோடு சேர்ந்தால் கருநீலச் சேர்மம் உண்டாகும். கலம்காரியில் கறுப்பு வருவது இதே வேதியியலால்தான். கடுக்காய்ச் சாறு ஏறிய துணிமேல், வெல்லத்தண்ணீரில் துருப்பிடித்த இரும்பை ஊறவைத்துப் புளித்த கரைசலால் வரைவார்கள், கோடு பட்ட இடம் கறுக்கும். புது மரத்தைப் பழசு போலக் கறுக்க வைக்க வினிகரில் இரும்புத்தூளை ஊறவைத்துப் பூசுவதும் இதுவே. தோல் பதனிடப் பட்டை தரும் கருவேலம் போல டானின் மிகுந்த மரத்தில் அது நன்றாகப் பிடிக்கும். டானின் இல்லாத மரத்துக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீரோ கெட்டித் தேயிலைச் சாறோ பூச வேண்டியிருக்கும்.

பழைய மரம் இனி அசையவே அசையாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. எத்தனை வயதானாலும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். நீளத்தில் மாற்றம் மிகக் குறைவு, குறுக்கே அதிகம். மழைக்காலத்தில் 14 சதவீத ஈரத்தோடு இருந்த ஒரு அடி அகலத் தேக்குப் பலகை, ஏசி அறையில் 10 சதவீதத்துக்கு இறங்கினால், அறுத்த விதத்தைப் பொறுத்து 2 மில்லிமீட்டர் வரை சுருங்கும். குறைவாக அசையும் தேக்கே இப்படி என்றால் மற்ற மரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நான்கு பக்கமும் பசை வைத்து இறுக்கினால் பலகை வெடிக்கும். பழைய ஆசாரிமார் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் சொருகி, பசையில்லாமல் அசைய விட்டது இதனால்தான். நாமும் திருகாணி போடும் துளையைக் குறுக்கே கொஞ்சம் நீளமாக்கிக்கொள்ளலாம்.

எச்சரிக்கையும் வேண்டும். ஊசித்துளையிலிருந்து மாவு போலத் தூள் கொட்டினால் உள்ளே வண்டுப் புழு இன்னும் உயிரோடு இருக்கலாம். அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய பெயின்ட் அதைவிட மோசம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பச்சையும் மஞ்சளும் உரியும் கதவை உலர வைத்துத் தேய்த்தால் ஈயத்தூசி பறந்து நுரையீரலுக்குள் போகும், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. சரக்குப் பெட்டிப் பலகை எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, பயமில்லை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதை விட்டுவிடலாம்.

கடைசியில் எண்ணெய் பூசுவதா வேண்டாமா என்ற கேள்வி வரும். லிக்னின் போன மேல்பரப்பில் இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்திருக்கிறது. ஒளி அங்கே பட்டுச் சிதறுவதால்தான் அந்த வெளிறல். எண்ணெய் அந்த இடைவெளியை நிரப்பியதும், நனைந்த வேட்டி போல, பலகை சட்டென்று கறுத்துவிடும். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. கறுப்புதான் வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய் பூசலாம், அது காற்றில் இறுகும். தேங்காயெண்ணெய் இறுகாது, பிசுபிசுப்பாகவே தூசியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் விரித்துக் காயவைக்க வேண்டும். சாம்பல் வேண்டும் என்றால் எதையும் பூசாமல் மாட்டுங்கள். வீட்டுக்குள் மழையும் இல்லை, பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் இல்லை. அந்த நிறம் அப்படியே நிற்கும்.